துளசிமணி மறைக்காத சுழி

துளசிமணியைப் பற்றி வாயைத் திறக்கிறவர்கள் எல்லாரும் அவள் புருஷன் செத்ததிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு பொம்பளைக்கு அதைத் தவிர வேறு விலாசமே கிடையாது போல. எனக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அதனால் நான் அவளுடைய கத்திரிக்கோலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் பியூட்டி பார்லர் ஒன்று இருக்கிறது. பலகையில் மேலே மலையாளம், கீழே தமிழ். அதை நடத்துகிறவள் துளசிமணி. பாலக்காட்டுக்குப் பஸ்ஸில் போய்வந்து தொழில் படித்தவள். வேலந்தாவளத்திலிருந்தும் எருத்தேம்பதியிலிருந்தும் கல்யாணப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அவளிடம் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பார்லரைப் பூட்டிவிட்டு, அதே கத்திரிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, குதிரைகளுக்கு முடி வெட்டக் கிளம்பிவிடுவாள்.

சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கம் குதிரை இப்போது அதிசயமில்லை. தென்னந்தோப்பு வைத்திருக்கிறவன் மகனுக்கு முதலில் புல்லட் வாங்கிக் கொடுக்கிறான், அது அலுத்ததும் குதிரை வாங்கிக் கொடுக்கிறான். தை மாதம் பிறந்தால் குதிரைக் காட்சி வந்துவிடும். ஓட்டப் பந்தயம் இல்லை. களத்துக்குள் குதிரையை நடத்திக் காட்ட வேண்டும், ஓட்டிக் காட்ட வேண்டும், நிறுத்திக் காட்ட வேண்டும். நடுவர்கள் சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கப் கொடுப்பார்கள். அந்தக் காட்சிக்கு மைக் பிடிக்கிறவன் நான். கோயில் நோம்பி, திருவிழாவுக்கும் நான்தான், தேர்தலுக்கும் நான்தான். கட்சி மாறினாலும் குரல் மாறாது.

காட்சிக்குப் போகிற குதிரைக்கு முடி வெட்டுவது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை வெட்டிப் பார்க்கட்டும். பிடரியை நேராக வெட்டினால் சட்டியைக் கவிழ்த்து வெட்டினதுபோல் ஆகிவிடும். துளசிமணி கத்திரியை நெட்டுக்குத்தாகப் பிடித்துக் கொத்திக் கொத்தி எடுப்பாள். காதை வெற்றிலை மடிப்பதுபோல் மடித்து, விளிம்புக்கு வெளியே நீட்டுகிற மயிரை மட்டும் கத்தரிப்பாள். உள்ளே இருப்பது பூச்சி நுழையாமல் காக்கிறது, அதில் கைவைக்க மாட்டாள். கணுக்காலுக்குப் பின்னால் தொங்குவதை மிஷினால் எடுப்பாள். மிஷின் சூடாகிவிட்டதா என்று தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் குதிரையின் மேல் வைப்பாள். மூக்கைச் சுற்றி மீசைபோல் நீளும் மயிரை வழிக்கச் சொல்லிக் குதிரைக்காரர்கள் கெஞ்சுவார்கள். “இருட்டுல தீனித்தொட்டிய அது மீசையிலதானுங்க பாக்குது” என்று சொல்லி விட்டுவிடுவாள்.

இன்னொரு வேலையையும் அவள் செய்ய மாட்டாள். சுழியை மறைக்க மாட்டாள்.

மாடோ குதிரையோ வாங்கப் போனால் எங்கள் ஆட்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்ப்பார்கள். மயிர் ஓரிடத்தில் வட்டமாகச் சுற்றி நிற்கிறதே, அதுதான் சுழி. மனுஷன் உச்சந்தலையிலும் இருக்கிறது. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு பெண்டாட்டி என்று கேலி பண்ணிவிட்டு அதோடு விட்டுவிடுகிறோம். குதிரையை மட்டும் விடுவதில்லை. நெற்றியில் இருந்தால் யோகம். கண்ணுக்குக் கீழே இருந்தால் அது கண்ணீர்ச் சுழி. அந்தக் குதிரை நிற்கிற வீட்டில் கண்ணீர் வடியும் என்பார்கள். துபாயில் கம்ப்யூட்டர் தட்டிவிட்டு வந்தவனும் இதை நம்புகிறான், தோப்பில் தேங்காய் பறிக்கிறவனும் நம்புகிறான்.

அதனால் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கெட்ட சுழி இருக்கிற குதிரைக்கு அந்த இடத்தில் மிஷினை ஒட்ட வைத்து வழித்து, மேலே சாயம் தடவி, களத்துக்குக் கொண்டு வருவார்கள். குதிரை நுழையும்போது நான் மைக்கில் நிறத்தைச் சொல்வேன், வயதைச் சொல்வேன், ஊரைச் சொல்வேன், கடைசியில் ‘சுழி சுத்தம்’ என்று முடிப்பேன். குதிரைக்காரர் சொல்லச் சொல்வதைத்தான் நான் சொல்கிறேன். அதில் பாதி, மிஷின் செய்த சுத்தம் என்று எனக்குத் தெரியும். நடுவர்களுக்கும் தெரியும். தெரிந்தவர்கள் எல்லாரும் தெரியாதவர்களைப் போல நின்றுகொண்டு இருப்போம்.

துளசிமணிக்கு இந்த வழக்கத்தின் மேல் ஆத்திரம் வந்ததற்குக் காரணம் உண்டு. அவளே அதில் ஏமாந்தவள். அவளும் புருஷன் மயில்சாமியும் ஆடிமாதக் குதிரைச் சந்தைக்குப் போய் ஒரு செவலைப் பெண் குதிரையை வாங்கி வந்தார்கள். முகம் வழவழவென்று வழித்திருந்தது. வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று வழித்ததாக விற்றவன் சொன்னான், இவர்களும் நம்பினார்கள். புரட்டாசி மழையில் முடி முளைத்தபோது, இடது கண்ணுக்குக் கீழே கட்டைவிரல் ரேகைபோல் ஒரு சுழி எழும்பி வந்தது. ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவள் ஒரு முடிவெட்டில் ஏமாந்துவிட்டாள் என்று நாங்கள் வாய் வலிக்கச் சிரித்தோம்.

அவள் மாமனார் நல்லமுத்து மட்டும் சிரிக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். மயில்சாமி கேட்கவில்லை. “குதிரை என்னுங்கப்பா பண்ணும்? தன்ற கண்ணுக்குக் கீழ என்ன இருக்குதுன்னு அதுக்கே தெரியாது” என்று சொல்லிவிட்டுப் பவளம் என்று பெயர் வைத்தார். அவர் தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். காலையில் வாய்க்கால் ஓரமாக அவர் பவளத்தை நடத்திக்கொண்டு போவதும், துளசிமணி பின்னாலேயே சீப்போடு போவதும் எனக்குப் பழகிப்போன காட்சி. பிள்ளை இல்லாதவர்கள். குதிரையைக் கொஞ்சுகிறார்கள் என்று அதற்கும் ஒரு பேச்சு உண்டு.

அடுத்த வருஷம் மயில்சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று துளசிமணி அழைத்தாள். தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிறேன் என்றார். மறுநாளும் சோடாதான். அதற்கடுத்த நாள் தோப்பிலேயே விழுந்து கிடந்தார். வாயிலிருந்து பீடி இறங்காத மனுஷன், நெஞ்சு வலியைச் சோடாவில் கரைக்கப் பார்த்த மனுஷன். ஆனால் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பிணத்தைப் பார்த்துவிட்டுத் தொழுவத்தைத்தான் பார்த்தார்கள். குதிரை கொன்றுவிட்டதாம். சோடாக் கம்பெனி தப்பித்தது.

பிறகு அதே பார்வை துளசிமணியின் மேலும் விழுந்தது. பார்லருக்கு வந்துகொண்டிருந்த கல்யாணக் கூட்டம் மெல்லக் குறைந்தது. அவள் கை மணப்பெண் தலையில் படக்கூடாது என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். அவள் பலகையை இறக்கி, புதுப் பெயிண்ட் அடித்து, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி மறுபடியும் மாட்டினாள். நெற்றிப்பொட்டை எடுக்கவில்லை. பவளத்தின் கயிற்றையும் விடவில்லை. புருஷன் நடத்திக்கொண்டு போன அதே வாய்க்கால் ஓரத்தில் தினமும் அவளே நடத்திக்கொண்டு போனாள்.

இது இப்படியே போயிருக்கும். ஆனால் மயில்சாமியின் தம்பி ராஜசேகருக்கு ஒரு பெண், செல்வப்பிரியா. நர்சிங் முடித்தவள். கோபாலபுரத்தில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. தை கடைசியில் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் பண்ணுவதாகப் பேச்சு. மார்கழியில் ஒருநாள் சாயங்காலம் நான் பாலுக்காக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ராஜசேகர் தன் அப்பாவிடம் வந்து நின்றான்.

“அப்பா, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாசல்ல கால் வெக்கறதுக்கு முன்னால அந்தக் குதிரை போயாவணும். மலை மேல ஆனைக்கரையில ஜிபின்னு ஒருத்தன் டூரிஸ்ட்டுகள ஏத்தறதுக்குக் குதிரை வெச்சிருக்கறான். அவன் கேட்டுட்டே இருக்கறான்.”

ஜிபினுக்குச் சுழியெல்லாம் பொருட்டில்லை. முதுகில் ஆளை ஏற்றலாமா என்று மட்டும்தான் பார்ப்பான். பவளம் அங்கே போனால் காலையிலிருந்து இருட்டும் வரைக்கும் கல்லுப்பாதையில் செல்பி எடுக்கிறவர்களைச் சுமக்க வேண்டியதுதான். அது துளசிமணிக்கும் தெரியும். அவள் தொழுவத்துத் தூணோரம் உட்கார்ந்து மிஷின் பல்லில் சிக்கிய மயிரைப் பிரஷால் தட்டிக்கொண்டிருந்தாள்.

நல்லமுத்து தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தார். பெரிய மகன் பிரியமாக வாங்கிய குதிரை என்பதும் அவர் மனசில் இருந்திருக்க வேண்டும்.

“இந்தத் தடவை காட்சிக்குக் கொண்டு போங்க. கப் வாங்கீட்டு வந்தா ஊரு வாய மூடிக்கும், குதிரை இங்கயே இருக்கட்டும். வாங்கலீன்னா ஜிபின் வண்டியில ஏத்தி உட்டுர்லாம்.”

துளசிமணி மிஷினை ஊதினாள். சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, தலையும் ஆட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்ற இரண்டு பேரும் கவனிக்கவில்லை. மருமகள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எழுதிக்கொள்வது எங்கள் ஊர் ஆண்களின் வழக்கம்.

காட்சிக்கு முதல்நாள் அவள் பவளத்துக்கு முடி வெட்டுவதை வேடிக்கை பார்க்கப் போனேன். பிடரி முடிந்திருந்தது. காது முடிந்திருந்தது. வாலின் நுனியை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். செவலை நிறம் பழுத்த மிளகாய்போல் மினுங்கியது. அப்போது ராஜசேகர் வந்தான். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம்.

“நங்கை, அந்தக் கண்ணுக்குக் கீழயும் ஒருக்கா மிஷினப் போட்டு உட்ருங்க. நீங்க வெட்டுனா ஆருக்கும் தெரியாது.”

“தெரியாதுதானுங் தம்பி.”

“அப்பறமென்னுங்க? கப் உங்களுக்குத்தான். குதிரையும் உங்ககூடவே இருக்கும். எனக்கும் நிம்மதி.”

“ஒரு மாசத்துல முளைச்சுருமுங்க.”

“மறுக்காவும் வழிச்சுட்டாப் போவுது.”

“அது சாவற வரைக்கும் வழிச்சுட்டே இருக்கோணும்” என்றாள் துளசிமணி. “அது பெருசில்லீங்க. வழிச்சா அதுமேல குத்தமிருக்குதுன்னு நானே ஒத்துக்கிட்டாப்பல ஆயிருமுங்களே. என்ற புருஷன அது கொன்னுபோட்டுதுன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி.”

ராஜசேகர் கெட்டவனில்லை. பெண்ணின் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தவன். பயந்தவன் வாய் எங்கெங்கேயோ போகும்.

“இன்னொன்னுங்க. தப்பா நெனைக்காதீங்க. பிரியா விசேஷத்தன்னைக்கு ஒறம்பரை சனம் வர்ற நேரத்துல நீங்க கொஞ்சம் உள்ளயே இருந்துக்கோங்க. முன்னால வந்து நிக்க வேண்டாமுங்க.”

துளசிமணி கத்திரியை வைத்துவிட்டு மிஷினை எடுத்தாள். குதிரையை விட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, என்ற மூஞ்சீல எங்கீங்க இருக்குது?”

“என்னதுங்க?”

“சுழீங்க. எங்க இருக்குதுன்னு காட்டுங்க. மிஷின் கையிலதான் இருக்குது, அதையும் வழிச்சுக்கறேன்.”

அவன் அங்கே நிற்கவில்லை. எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது, ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. கோபத்தில் கலங்கினதுதான். மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடியும் வேலையில் இறங்கினாள். முகம் முழுக்க ஒழுங்கு பண்ணினாள், தாடைக்கு அடியில் தொங்கிய மயிரை எடுத்தாள், கண்ணுக்குக் கீழே மட்டும் மிஷினை வைக்கவில்லை. சின்னச் சீப்பை ஈரத்தில் தொட்டு, சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமாகவே அதைச் சீவிவிட்டாள். முன்னே உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் தெரிந்தது.

“அம்முணி, குதிரை போயிருமே” என்றேன்.

“போவாதுங்ணா.”

“கப் கெடைக்காது. உன்ற மாமனாரு சொன்ன சொல்லு மாற மாட்டாரு.”

“நான் கயித்த உட்டாத்தானுங்க அது போவும்.”

மறுநாள் வேலந்தாவளம் பக்கத்தில் அறுவடை முடிந்த ஒரு காட்டில் களம் போட்டிருந்தார்கள். சுற்றிக் கயிறு கட்டி, ஒரு பக்கம் பந்தல், பந்தலில் நானும் என் மைக்கும். நல்ல கூட்டம். செல்வப்பிரியாவும் கூடப் படித்த பெண்களோடு வந்து முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். களத்துக்கு வெளியே ஜிபின் தன் வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்து, கடலை உரித்துக்கொண்டிருந்தான். அந்தத் திறந்த கதவு கண்ணில் படாதபடி நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

பெண் குதிரைகளின் முறை வந்தது. ராஜசேகர் பந்தலுக்கு ஓடி வந்து என் காதில் சொன்னான். “எப்பவும்போல சுழி சுத்தம்னு முடிச்சுருங்ணா. தூரத்துல நிக்கறவங்களுக்கு என்ன தெரியப்போவுது?” அவன் போன கையோடு துளசிமணி பவளத்தைப் பிடித்துக்கொண்டு களத்து வாசலுக்கு வந்தாள். அரக்கு நிறப் புடவை, இழுத்துச் செருகியிருந்தாள். நெற்றியில் பொட்டு.

“அண்ணா, சுத்தம்னு சொல்லாதீங்க. இருக்கறத இருக்குதுன்னு சொல்லுங்க.”

நான் ஒன்றும் வீரன் இல்லை. அடுத்த வருஷமும் இதே மைக்கை இதே ஆட்கள்தான் எனக்குத் தர வேண்டும். ஆனால் அவள் அப்படி நின்றபோது எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

“செவலைப் பெண் குதிரை. வயது ஆறு. பெயர் பவளம். கொண்டு வருகிறவர் கொழிஞ்சாம்பாறை துளசிமணி. இடது கண்ணுக்குக் கீழே கண்ணீர்ச் சுழி உண்டு.”

கூட்டம் கயிற்றோரம் நெருங்கி வந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. மைக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்களோ என்னவோ, என்னையே திரும்பிப் பார்த்தார்கள். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. வாயை மைக்குக்கு ஒட்ட வைத்துக்கொண்டு, “கண்ணீர்ச் சுழி உண்டு” என்று இன்னொரு தடவை சொன்னேன்.

அவள் நடத்திக் காட்டினாள், ஓட்டிக் காட்டினாள். பவளம் அன்றைக்கு ஓடின ஓட்டத்தில் தரையைத் தொட்டதா என்றே எனக்குச் சந்தேகம். நிறுத்தியபோது நாலு காலும் கோடு போட்டதுபோல் நின்றது. தலைமை நடுவர் வேலுச்சாமி தோட்டத்துக்காரர், குதிரை வளர்த்தே தலை நரைத்தவர். சுற்றி வந்தார். பிடரியைத் தூக்கிப் பார்த்தார். காதைப் பார்த்தார். கடைசியில் கண்ணுக்குக் கீழே பார்த்துவிட்டு நின்றார். என் பந்தலுக்கு முன்னால்தான் நின்றிருந்தார்கள்.

“ஏம்மா, வெட்டுனதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. இத்தனை பண்ணுனவ அதையும் எடுத்திருக்கலாமே.”

“எடுத்திருந்தா கப் குடுப்பீங்களாங்க?”

அவர் பொய் சொல்லவில்லை. “குடுத்திருப்பேன்” என்றார்.

“அப்ப நீங்க குதிரைக்குக் குடுக்கலீங்க. மிஷினுக்குக் குடுக்கறீங்க.”

“பெரியவங்க சொன்னது அம்முணி. அந்தச் சுழி இருக்கற ஊட்டுல கண்ணீர் வடியும்ங்கறது.”

“வடிஞ்சுதுங்க” என்றாள் துளசிமணி. குரல் உயரவில்லை. “என்ற புருஷன் செத்தப்ப அழுதேன். இன்னும் அழுதுட்டுதான் இருக்கறேன். அதுக்குச் சுழி எதுக்குங்க? அவரு மேல இருந்த ஆசை போதும்.”

வேலுச்சாமி பவளத்தின் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த குதிரைக்கு நகர்ந்துவிட்டார். கப் ஒரு கருப்புக் குதிரைக்குப் போனது. சுழி சுத்தம் என்று நானே சொன்ன குதிரை. அதன் கண்ணுக்குக் கீழே சாயத்தையும் மீறி வழித்த தோல் பளபளத்தது. பவளத்துக்கு இரண்டாம் இடமும் இல்லை, மூன்றாம் இடமும் இல்லை.

களத்துக்கு வெளியே ராஜசேகர் காத்திருந்தான். அவள் வந்ததும் கயிற்றைப் பிடித்து வேன் பக்கம் இழுத்தான். பவளம் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது.

“கையெடுங்க தம்பி” என்றாள் துளசிமணி.

நல்லமுத்து முன்னால் வந்தார். “சொன்ன சொல்லுன்னு ஒன்னு இருக்குதம்மா. கப் வாங்கலீன்னா குதிரை போவோணும்னு அன்னைக்கே பேசியாச்சு.”

“நீங்க சொன்னீங்க மாமா. ராஜசேகர் தம்பி கேட்டுக்கிட்டாரு. நான் சரின்னு சொல்லவே இல்லீங்களே.”

அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

“அதைய ஏத்தோணும்னா என்னையும் சேத்து ஏத்துங்க” என்றாள் அவள். “ஆனைக்கரையிலயும் பொம்பளைங்களுக்குத் தலைமுடி இருக்குமுங்க. நான் பொழச்சுக்கறேன்.”

சொல்லிவிட்டு ஜிபினைப் பார்த்தாள். அவன் கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்தான். ஏலத்தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்துப் பையன், தென்பாண்டித் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவான்.

“அண்ணாச்சி, குடும்பப் பிரஷ்னத்துக்குள்ள என்னைய இழுக்காதிய. அக்கா கயித்தத் தராம நான் குதிரையத் தொட மாட்டேன் கேட்டியளா.”

வேன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். வெறும் வேன் மேடுபள்ளத்தில் குலுங்கிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

பவளத்தைக் கொண்டுவந்த வண்டி ராஜசேகர் ஏற்பாடு செய்தது. துளசிமணி அதில் ஏற்றவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக நடந்தே கிளம்பினாள். தேங்காய் லாரிகளும் பால் வண்டிகளும் பறக்கிற ரோடு அது. கொஞ்ச தூரம் போனதும் பார்த்தேன், நல்லமுத்து தன் பழைய மொபெட்டில் அவளுக்குப் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி லாரிகளை விலகிப் போகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அவரும் கூப்பிடவில்லை. வீடு வருகிற வரைக்கும் அப்படியேதான் போனார்கள்.

அன்று ராத்திரிக்குள் என் குரல் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. செல்வப்பிரியா எடுத்த வீடியோதான். ‘கண்ணீர்ச் சுழி உண்டு’ என்று நான் இரண்டு தடவை சொல்வதும், பிறகு துளசிமணி பேசுவதும் வாட்ஸ்அப்பில் வீடுவீடாகப் போனது. கோபாலபுரத்துக்கும் போயிருக்கும். ராஜசேகர் வாய்க்கால் கரையில் நின்று என்னைத் திட்டினான். நான் தண்ணீரைத் திருப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்ன நாளில் வருகிறோம் என்று மட்டும் போன் வந்தது.

அந்த நாளும் வந்தது. பெண்ணுக்கு அலங்காரம் பண்ணப் பொள்ளாச்சியிலிருந்து ராஜசேகர் ஒரு பியூட்டிஷியனைக் கூட்டி வந்திருந்தான். செல்வப்பிரியா அந்த அம்மாவுக்குக் காப்பி கொடுத்து உட்கார வைத்துவிட்டாள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நேராகப் பெரியம்மாவின் அறைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“பெரியம்மாதான் பின்னோணும். இல்லீன்னா இப்படியே விரிச்சுப் போட்டுட்டு வந்து உக்காந்துக்கறேன். பேய் புடிச்சிருக்குதுன்னு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஓடட்டும்.”

ராஜசேகரும் அவன் பெண்டாட்டியும் வாசற்படியில் நின்று கெஞ்சினார்கள். பெண் அசையவில்லை. துளசிமணியும் வேண்டாம் என்றுதான் சொன்னாள், “உனக்கெதுக்குக் கண்ணு இந்த வம்பு?” என்று. பிறகு அவள் கை அந்தத் தலைமுடியில் பட்டது. பட்ட பிறகு யார் தடுத்தாலும் நிற்கிற கை இல்லை அது. வகிடு எடுத்து, நாலு கால் பின்னலாகப் பின்னி, மல்லிகை வைத்து முடித்தபோது வாசலில் கார்கள் வந்து நின்றுவிட்டன.

வந்தவர்கள் வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் தொழுவத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். முன்தூணில் பவளம் நின்றது. காட்சிக்கு வெட்டிய முடி கலையாமல், கண்ணுக்குக் கீழே சுழி சீவினபடியே இருந்தது. கடைசி நேரத்தில் ராஜசேகர் அதை அவிழ்த்துப் பின்பக்கம் கொண்டுபோகப் பார்த்தான். “உடு” என்றார் நல்லமுத்து. ஒரே வார்த்தைதான். அவன் கயிற்றை விட்டுவிட்டான்.

மாப்பிள்ளையின் அப்பா தட்டோடு முன்னால் வந்தவர் குதிரைக்கு நேரே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த ஒறம்பரைக் கூட்டம் முழுக்க நின்றுவிட்டது. அவர் குனிந்து பார்த்தார்.

“இதுதானுங்களா அந்தக் கண்ணீர்ச் சுழிக் குதிரை?”

துளசிமணி வாசற்படியில் முன்னால் நின்றிருந்தாள், பக்கத்தில் செல்வப்பிரியா. ராஜசேகர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். நான் பந்தலுக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தவன் ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றேன். பதில் சொல்ல வேண்டியவர் நல்லமுத்து. மறைக்கச் சொன்ன மகனை அவர் பார்க்கவில்லை. மருமகளைத்தான் ஒரு தடவை பார்த்தார்.

“ஆமாங்க. கண்ணீர்ச் சுழிதானுங்க. எங்க மருமகளோட குதிரை. அதா, அந்தப் பொண்ணுக்குத் தலை பின்னி உட்டிருக்கறதும் அவதானுங்க. உள்ள வாங்க.”

மாப்பிள்ளையின் அப்பா இன்னொரு முறை குதிரையைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தார்.